ராஜராஜ சோழனின் காப்பி-பேஸ்ட்

ஆபீசுல ஆணி ஜாஸ்தி. இந்தத் தடவை ஆணியையும் கல்வெட்டையும் சேர்த்து ஒரே பதிவா போடறேன். ஆணி புடுங்குறவங்களுக்குக் கல்வெட்டு கசக்கலாம், கல்வெட்டுக்காரங்களுக்கு ஆணி போர் அடிக்கலாம். ரெண்டு கோஷ்டியும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

முதல்ல ஆணி. ஒரு பெரிய கம்பெனிக்கோ அரசாங்கத் துறைக்கோ ஏதாவது வேலை ஆகணும்னா, "யார் செய்றீங்க, எப்படிச் செய்வீங்க, எவ்வளவுக்குச் செய்வீங்க"ன்னு தலகாணி சைஸ்ல ஒரு கேள்வித்தாள் விடுவாங்க. ஆர்.எஃப்.பி.ன்னு பேரு. நூத்தி எண்பது கேள்வி இருக்கும். உங்க கம்பெனி எப்போ ஆரம்பிச்சது, எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க, இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வேலை எங்கே செஞ்சீங்க, கரண்ட் போனா டேட்டா என்ன ஆகும்... இப்படி. இதுக்குப் பதில் எழுதற கும்பல்ல நானும் ஒருத்தன். உள்ளே இருக்கிறவனுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் என்னன்னா, அந்த நூத்தி எண்பதுல நூத்தி நாற்பது கேள்வி போன மாசம் வேற எவனோ கேட்டதுதான். அதனால பழைய பதிலைத் தேடி எடுத்து, பேரை மாத்தி, ஒட்டிக் குடுத்துடுவோம்.

பேரை மாத்தி. அங்கேதான் வினை.

கொஞ்ச நாள் முன்னாடி நாங்க அனுப்பின ஒரு பதில்ல 43-ஆம் பக்கத்துல வேற ஒரு வங்கியோட பேர் அப்படியே நின்னுடுச்சு. வாங்கினவங்க ரொம்ப மரியாதையா, "இவங்க யாருன்னு சொல்ல முடியுமா?"ன்னு ஒரு வரி மெயில் அனுப்பினாங்க. அவ்வளவுதான், அந்த வேலை போச்சு. போனதுக்கு அப்புறம் மொத்தத்தையும் உட்கார்ந்து படிச்சுப் பார்த்தா இன்னும் வண்டி வண்டியா இருக்கு. எங்க கூடுவாஞ்சேரி கிளை முகவரியில 'காஞ்சிபுரம் மாவட்டம்'னு இருக்கு. 2019 நவம்பர்லயே செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆயிடுச்சு. நந்திவரம்-கூடுவாஞ்சேரி 2021-ல நகராட்சி ஆச்சு, எங்க பதில்ல இன்னும் பேரூராட்சி. 'வெளியூர்லேர்ந்து வர்றவங்க கோயம்பேட்டுல இறங்கி'ன்னு ஒரு பத்தி வேற. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் 2023 டிசம்பர்ல திறந்தாச்சு, அதைத் தாண்டிக் கோயம்பேடு போய், அங்கேர்ந்து திரும்பி எங்க ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கோம் :-)

மேனேஜர் கூப்பிட்டார். "நீங்கதான் பழைய விஷயமெல்லாம் தோண்டுவீங்களே, பொறுமையும் இருக்கு. எல்லாப் பதிலையும் ஒரே இடத்துல சேர்த்து, சரிபார்த்து, எடுத்து எடுத்துப் போடற மாதிரி ஒரு லைப்ரரி ரெடி பண்ணிடுங்க." ரொம்ப நல்லவன்னு சொல்லிட்டாருய்யா!

அந்த ஞாயிற்றுக்கிழமை மனசு சரியில்லாம வண்டியை எடுத்துக்கிட்டு மணிமங்கலம் போனேன். கூடுவாஞ்சேரியிலேர்ந்து வண்டலூர் வந்து, வாலாஜாபாத் ரோட்டுல திரும்பி, மண்ணிவாக்கம் தாண்டிப் போகணும். தாம்பரத்துக்காரங்க முடிச்சூர் வழியா வந்துடலாம். சரித்திரம் படிச்சவங்களுக்கு ஊர் பேர் ஞாபகம் இருக்கும். ஏழாம் நூற்றாண்டுல பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடிச்ச இடங்கள்ல மணிமங்கலமும் ஒண்ணுன்னு கூரம் செப்பேடு சொல்லுது. ஆனா நான் போனது அதுக்காக இல்லை. அங்கே ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர் முழுக்கச் சோழர் கல்வெட்டு. ஜெர்மன் அறிஞர் ஹுல்ட்ஷ், 1899-ல வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் முதல் பகுதியிலயே இந்த ஊர்க் கல்வெட்டுகளைப் படிச்சுப் பதிப்பிச்சுட்டார். அந்தப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். (சுவரைப் பார்த்து நேராப் படிக்கிற அளவுக்கு எனக்குப் பதினோராம் நூற்றாண்டு எழுத்து வராது. பிரிண்டை வெச்சுக்கிட்டு ரெண்டு ரெண்டு எழுத்தா ஒப்பிட்டுப் பார்க்கிற கேஸ் நான்.)

அந்தக் கோயில்ல ஒரு விசேஷம். முதலாம் ராஜேந்திர சோழனுக்கு அடுத்தடுத்து பட்டத்துக்கு வந்த மூணு பிள்ளைகள், ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன், மூணு பேர் கல்வெட்டும் அங்கே இருக்கு. மூணுலயும் ஒரே அமைப்பு. முதல்ல பக்கம் பக்கமா ராஜா புகழ்: எந்த ஊரை அடிச்சார், எந்த ராஜா தலைதெறிக்க ஓடினான், எத்தனை யானை பிடிச்சார். இதுக்குப் பேருதான் மெய்க்கீர்த்தி. அதுக்கப்புறம் ராஜா பேர், ஆட்சியாண்டு. அப்புறம் முகவரி: ஜெயங்கொண்ட சோழ மண்டலத்து, செங்காட்டுக் கோட்டத்து, மாகணூர் நாட்டு, இன்ன சதுர்வேதிமங்கலம்னு பெருசுலேர்ந்து சிறுசுக்கு இறங்கி வரும். இவ்வளவும் முடிஞ்சப்புறம்தான் விஷயத்துக்கே வருவாங்க. விஷயம் பெரும்பாலும் ஊர்ச்சபை கோயிலுக்கு நிலம் விட்டது மாதிரி ஊர்க்காரியம்தான். துங்கபத்திரைக் கரையில நடந்த சண்டைக்கும் மணிமங்கலத்து நிலத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் முன்னாடி அந்தப் பாரா வந்தே ஆகணும்.

எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துடுச்சு. இது எங்க 'கம்பெனி புரொஃபைல்' இல்லையா? மூணு கம்ப்யூட்டர் வாங்கற டெண்டரா இருந்தாலும் முன்னாடி நாலு பக்கம் அதை ஒட்டித்தானே அனுப்பறோம்?

இந்த ஏற்பாடு எங்கேர்ந்து ஆரம்பிச்சதுன்னு பார்த்தா, முதலாம் ராஜராஜன்கிட்டதான் போய் நிக்குது. அவனுக்கு முன்னாடி சோழர் கல்வெட்டுல இது கிடையாது. செப்பேடுகள்ல சமஸ்கிருதத்துல வம்சாவளி, புகழ்ச்சி எல்லாம் இருக்கும், ஆனா ஒவ்வொரு செப்பேட்டுக்கும் தனியா கவி எழுதினது அது. கல்லுல வெறும் பட்டம் மட்டும்தான். சோழ ராஜாக்கள் ஒருத்தர் விட்டு ஒருத்தர் ராஜகேசரி, பரகேசரின்னு பட்டம் வெச்சுப்பாங்க. கல்வெட்டுல 'கோப்பரகேசரிவர்மருக்கு ஆண்டு பத்தாவது'ன்னு இருக்கும். எந்தப் பரகேசரி? விஜயாலயனும் பரகேசரி, முதலாம் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. பராந்தகன் மட்டும் பாண்டிய நாட்டை ஜெயிச்சதும் 'மதிரை கொண்ட'ன்னு முன்னாடி ஒட்டிக்கிட்டான், பிற்பாடு அதையே 'மதிரையும் ஈழமும் கொண்ட'ன்னு நீட்டினான். அதனால அவனைக் கண்டுபிடிச்சுடலாம். மத்தவங்க விஷயத்துல நீலகண்ட சாஸ்திரி காலத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அறிஞர்கள் எழுத்தமைதியையும் உள்ளே வர்ற ஆட்கள் பேரையும் வெச்சுப் போராடிக்கிட்டு இருக்காங்க.

ராஜராஜன் 985-ல பட்டத்துக்கு வந்தான். ஏறக்குறைய 8-ஆம் ஆட்சியாண்டுலேர்ந்து அவன் கல்வெட்டுகள்ல ஒரு நிலையான தமிழ் முகவுரை வர ஆரம்பிக்குது. 'திருமகள் போல' மெய்க்கீர்த்தின்னு அதோட முதல் சொற்களை வெச்சு அறிஞர்கள் குறிப்பிடுவாங்க. தஞ்சாவூர்ல இருக்கிறதும், தொண்டை மண்டலத்துல இருக்கிறதும், அந்தப் பக்கம் கர்நாடகத்துல கோலார் வட்டாரத்துல இருக்கிறதும் வார்த்தைக்கு வார்த்தை கிட்டத்தட்ட ஒண்ணு. எழுத்துப்பிழை வரும், ஒரு நாட்டுப் பேர் விட்டுப்போகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஊர் ஊருக்கு ஒரு கவிஞன் எழுதியிருந்தா இப்படி இருக்க வாய்ப்பே இல்லை. அரண்மனையில ஒரு மூலப் பிரதி இருந்து, ஓலையில படி எடுத்து எடுத்துத்தான் போயிருக்கணும்.

இதுல எனக்கு ஆச்சரியம், வாசகம் ஒரே மாதிரி இருக்கிறது கூட இல்லை. வளர்றதுதான். முதல்ல வெளியானதுல காந்தளூர்ச் சாலை சமாசாரம் மட்டும்தான். வருஷம் ஆக ஆக வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி, குடமலை நாடு, கொல்லம், கலிங்கம், ஈழம், இரட்டபாடி ஏழரை இலக்கம்னு ஒவ்வொண்ணா வந்து சேருது. முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் சேர்றது ஆட்சியின் கடைசி வருஷங்கள்ல. முன்னாடி இருக்கிறதைக் கலைக்காம, அதே நடையில, அதே இலக்கணத்துல, புதுசை உள்ளே சொருகியிருக்காங்க. இதனால பிற்பாடு வந்தவங்களுக்கு ஒரு சவுகரியம் கிடைச்சது. சுவர் இடிஞ்சு ஆட்சியாண்டு போச்சுன்னா கூட, பட்டியல்ல கலிங்கம் இருக்கா, தீவு இருக்கான்னு பார்த்து இது எந்தக் காலத்துக் கல்வெட்டுன்னு சுமாராச் சொல்லிடலாம். எங்க ஆபீசுல 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் இதுதான் நிஜம்'னு மூணு ஃபைல் இருக்கும், எது முதல்ல எது கடைசின்னு தேதி பார்த்தாக்கூடத் தெரியாது. அதை நினைச்சேன்.

யார் இதைப் பார்த்துக்கிட்டாங்கங்கிற கேள்விக்கு நேரடியா ஒரு பேர் கிடைக்காது. ஆனா அந்த அரசாங்கத்தோட எழுத்து வேலை எப்படி நடந்ததுன்னு நல்லாவே தெரியும். ராஜா வாயால சொல்றதை எழுதறவர் திருமந்திர ஓலை. அதுக்கு மேல திருமந்திர ஓலை நாயகம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை விட்டுக்குடுத்த சமாசாரத்தைச் சொல்ற லெய்டன் செப்பேட்டைப் பாருங்க. ராஜராஜனோட 21-ஆம் ஆண்டு உத்தரவு. ராஜா சொன்னது, எழுதினது, மேலதிகாரிகள் ஒப்புக்கொண்டது, வரிக்கணக்குல ஏத்தினதுன்னு ஒவ்வொரு படியும், ஒவ்வொரு படியிலும் இருந்த ஆள் பேரும் வரிசையா வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிராமத்தைத் தானம் பண்ண இத்தனை கையெழுத்து. அந்தச் செப்பேட்டை முதல்ல படிச்சப்போ 'அப்பவே சிவப்பு நாடாவா'ன்னு கிண்டல் பண்ணினவன் நான். 43-ஆம் பக்கத்துக்கு அப்புறம் கிண்டல் வரலை.

சரி, இப்போ குறைகளுக்கு வருவோம். ராஜாக்களையே புகழ்ந்துக்கிட்டு இருந்தா இது வேற மாதிரிப் பதிவு ஆயிடும்.

முதல் குறை, வாசகம் ரொம்பச் சுருங்கிப் போனா கடைசியில யாருக்குமே புரியாது. காந்தளூர்ச் சாலையில கலம் அறுத்ததுன்னா என்ன? கப்பல்களை உடைச்சதுன்னு ஒரு கட்சி. சாலைங்கிறது கல்விச்சாலை, அங்கே சாப்பாட்டுக் கலத்தை, அதாவது அன்னதான உரிமையை ஒழுங்குபடுத்தினதுன்னு ஒரு கட்சி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதுக்குன்னே ஒரு நூல் எழுதியிருக்கார். வழக்கு இன்னும் தீரலை. எழுதினவனுக்கும் அன்னிக்குக் கேட்டவனுக்கும் தண்ணி பட்ட பாடா இருந்திருக்கும், அதனால விளக்கம் எதுக்குன்னு விட்டுட்டான். எங்க பதில்கள்ல மூணெழுத்துச் சுருக்கமா ஒண்ணு வரும், ஆறு வருஷமா ஒட்டிக்கிட்டே வர்றோம். அதோட விரிவு என்னன்னு நான் போன வாரம் எட்டு பேர்கிட்ட கேட்டேன். எட்டு பேரும் இன்னொருத்தரைக் கைகாட்டினாங்க.

அதே காந்தளூர் பேரன் ராஜாதிராஜன் மெய்க்கீர்த்தியிலும் வருது. அதுக்கப்புறம் முதலாம் குலோத்துங்கன் காலத்துலயும் வருது. ஒவ்வொருத்தரும் தனித்தனியாப் போய் அதே இடத்துல அதே காரியத்தைச் செஞ்சாங்களா, இல்லை தாத்தா சாதனை குடும்பச் சொத்தா இறங்கி வந்ததா? சேர நாட்டோட சண்டை திரும்பத் திரும்ப வந்தது உண்மைதான், அதனால நிஜமாவே போயிருக்கலாம். ஆனா டெண்டர்ல 'தாய்க் கம்பெனியின் அனுபவம்'னு ஒரு வரி போடற வழக்கம் தெரிஞ்சவனுக்கு லேசா சந்தேகம் வரும்.

ரெண்டாவது குறை இன்னும் பெருசு. இரட்டபாடி ஏழரை இலக்கம் கொண்டதா ராஜராஜன் மெய்க்கீர்த்தி சொல்லுது. இரட்டபாடின்னா மேலைச் சாளுக்கியர் தேசம். சோழப்படை அங்கே போனது நிஜம். ஆனா அந்தத் தேசம் சோழர் கைக்கு வந்துடலை. சாளுக்கியன் சத்தியாசிரயன் காலத்து ஹொட்டூர்க் கல்வெட்டு, 1007-ஐ ஒட்டினது, தார்வார்ப் பக்கம் கிடைச்சது, இதே சமாசாரத்தை அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்லுது. சோழன் ஒன்பது லட்சம் சேனையோட வந்தான், நாட்டைச் சூறையாடினான், பெண்கள், குழந்தைகள்னு பார்க்காமக் கொடுமை பண்ணினான், கடைசியில சத்தியாசிரயன் அவனைத் துரத்திட்டான்னு. ஒன்பது லட்சம் நிச்சயமா ஏத்திச் சொன்ன கணக்குதான். ஆனா நம்ம பக்கத்துக் கல்லுல 'கொண்ட'ங்கிற ஒரே சொல்லுக்குள்ள எவ்வளவு அடங்கிப் போயிருக்குன்னு பாருங்க. அந்த ஒரு சொல் ஊர் ஊரா, கோயில் கோயிலா நூத்துக்கணக்குல படியெடுக்கப்பட்டிருக்கு. ஒரு தடவை சொன்ன மிகைக்கும் நூறு தடவை ஒட்டின மிகைக்கும் வித்தியாசம் இருக்கு. நூறாவது தடவை ஒட்டறவனுக்கு அது மிகைன்னே தெரியாது.

மணிமங்கலத்துச் சுவர்லயே இன்னொரு உதாரணம் இருக்கு. வீரராஜேந்திரனோட 5-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கூடல்சங்கமத்துல சாளுக்கிய ஆகவமல்லனை, அதாவது முதலாம் சோமேஸ்வரனை, ஜெயிச்ச கதைக்கு அப்புறம் இது வரும். ஆகவமல்லன் மறுபடியும் சண்டைக்கு நாள் குறிச்சு ஓலை அனுப்பறான். இவன் போய்க் காத்திருக்கான். ஒரு மாசம் ஆகியும் அவன் வரலை. பயந்துட்டான்னு எழுதி, அவனை மாதிரி ஒரு பொம்மை பண்ணி அவமானப்படுத்தினதையும் எழுதியிருக்கு. அந்தப் பக்கத்துக் கவி பில்ஹணன் சொல்றதைப் படிச்சா வேற கதை. சோமேஸ்வரனுக்குத் தீராத காய்ச்சல். 1068-ல துங்கபத்திரையில இறங்கி உயிரை விட்டுட்டான். சாகக் கிடந்தவன் எப்படிச் சண்டைக்கு வருவான்? சோழ முகாமுக்கு அது தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை. ஆனா பிற்பாடு தெரிஞ்சாலும் கல்லுல ஏறினது ஏறினதுதான். 'கடந்த 5 ஆண்டுகளில் எந்தப் பாதுகாப்புக் குறைபாடும் நிகழவில்லை'ன்னு எங்ககிட்ட ஒரு ரெடிமேட் பதில் இருக்கு. எந்த 5 ஆண்டுன்னு கேட்டேன். எழுதினவர் வேலையை விட்டுப் போய் 4 வருஷம் ஆச்சாம்.

மூணாவது, பழசாகிறது. ராஜராஜன் மகன் முதலாம் ராஜேந்திரன் இதுல அப்பனை மிஞ்சினவன். 'திருமன்னி வளர' மெய்க்கீர்த்தி சின்னதா ஆரம்பிச்சு, இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம், ஈழம்னு நீண்டு, கங்கைக்குப் போய், 14-ஆம் ஆட்சியாண்டு வாக்குல கடல் தாண்டிக் கடாரத்துக்குப் போயிடும். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம்னு அந்தப் பட்டியல் இல்லைன்னா அந்தப் படையெடுப்பைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி இல்லை. 1918-ல பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேடேஸ் ஸ்ரீவிஜயம்னு ஒரு சாம்ராஜ்யம் சுமத்ராவுல இருந்ததுன்னு நிறுவினப்போ அவர் கையில இருந்த முக்கியமான சாட்சிகள்ல இந்தப் பட்டியலும் ஒண்ணு. பல ஊர்ச் சுவர்கள்ல ஒரே வாசகம் இருக்கிறதோட நன்மை இது. ஒரு இடத்துல சிதைஞ்சா இன்னொரு இடத்துல பார்த்து நிரப்பிக்கலாம்.

ஆனா கடாரத்தோட பட்டியல் நின்னு போச்சு. ராஜேந்திரன் அதுக்கப்புறம் ஏறக்குறைய 20 வருஷம், 1044 வரைக்கும் ஆண்டான். அந்த இருபது வருஷத்துல பாண்டிய நாட்டுலயும் ஈழத்துலயும் கலகம், சாளுக்கியரோட சண்டை, எல்லாம் நடந்தது. அவன் மெய்க்கீர்த்தியில ஒரு எழுத்து ஏறலை. அதையெல்லாம் மகன் ராஜாதிராஜனோட மெய்க்கீர்த்தியிலேர்ந்துதான் எடுக்க வேண்டியிருக்கு. பிள்ளைதான் களத்துல நின்னான், அதனால அவன் கணக்குல எழுதினாங்கன்னு வெச்சுக்கலாம். எனக்கென்னவோ, கடாரத்துக்கு மேல என்னத்தைச் சேர்க்கிறதுன்னு விட்டுட்டாங்கன்னு தோணும். பெரிய வெற்றி ஒண்ணு பட்டியல்ல உட்கார்ந்துட்டா அதுக்கப்புறம் எவனும் அதைத் தொடமாட்டான். எங்ககிட்டயும் ஒரு கடாரம் இருக்கு. 2014-ல முடிச்ச ஒரு புராஜெக்ட். இன்னும் எல்லா டெண்டர்லயும் அதுதான் முதல் உதாரணம்.

முதலாம் குலோத்துங்கன் (1070-1122) இதை வேற விதமாச் சமாளிச்சிருக்கான். அவனுக்கு ஒரே மெய்க்கீர்த்தி இல்லை. 'புகழ்மாது விளங்க'ன்னு ஒரு சின்னது, 'புகழ் சூழ்ந்த புணரி'ன்னு ஒரு நீளமானது, இன்னும் வேறயும் உண்டு. சுவர்ல எவ்வளவு இடம் இருக்கு, யார் காசு குடுத்து வெட்டறாங்கங்கிறதைப் பொறுத்து எடுத்துக்கிட்டாங்களோ என்னவோ. இந்த யோசனையை நான் அப்படியே சுட்டுட்டேன். எங்க லைப்ரரியில இப்போ ஒவ்வொரு முக்கியமான பதிலுக்கும் ரெண்டு உருவம். ஒண்ணு 100 வார்த்தை, ஒண்ணு ஒரு பக்கம். 'சுருக்கமாக விடையளிக்கவும்'னு கேட்டவனுக்கு நாலு பக்கம் ஒட்டி மார்க் இழந்த அனுபவமும் எங்களுக்கு உண்டு.

ராஜா புகழை விட்டுக் கீழே இறங்கினா, கல்வெட்டோட கீழ்ப்பாதியும் அச்சுதான். நிலம் விற்கிறதுன்னா நாலு எல்லை, வரி நீக்கம், இதுவே விலையாவணம், இதைத் தவிர வேற ஓலை காட்டக் கூடாதுங்கிற உறுதி, சந்திராதித்தர் உள்ளவரை நிக்கணும்ங்கிற காலவரை. பேரும் அளவும் மட்டும் மாறும். கூடுவாஞ்சேரி சார்பதிவாளர் ஆபீஸ் பக்கம் போய் ஒரு கிரையப் பத்திரம் எழுதிப் பாருங்க. நாலு பக்கத்து எல்லை, வில்லங்கம் ஏதும் இல்லைங்கிற உறுதி, பின்னால வந்தா நானே முன்னின்று தீர்த்துத் தருவேன்ங்கிற வாக்கு, எல்லாம் தயாரா இருக்கும். பத்திரம் எழுதறவர் உங்க பேரை மட்டும் கேட்பார்.

இப்படி மாதிரி ஆவணங்களைத் தொகுத்து வைக்கிற புத்தகமே உலகத்துல பல இடத்துல இருந்திருக்கு. ஏழாம் நூற்றாண்டு பிரான்சுல மார்குல்ஃப்னு ஒரு வயசான துறவி, எழுபது தாண்டினவர், சாசனம், தானப் பத்திரம், கடன் பத்திரம்னு ஒரு தொகுப்பு பண்ணினார். பேர் வர்ற இடத்துல எல்லாம் லத்தீன்ல 'இன்னார்'ங்கிற மாதிரி ஒரு சொல் போட்டு விட்டிருப்பாங்க. குஜராத்துல 'லேகபத்ததி'ன்னு ஒரு சமஸ்கிருதத் தொகுப்பு இருக்கு, 13-லேர்ந்து 15-ஆம் நூற்றாண்டுக்குள்ள சேர்ந்தது. அரசாணை, அடமானம், மகன் அப்பாவுக்கு எழுதற கடுதாசி, அடிமைப் பெண்ணை விற்கிற பத்திரம் வரைக்கும் மாதிரி இருக்கு. கடைசியா சொன்னதைப் படிக்கிறப்போ வயித்தைப் பிசையும். விற்கப்படற பொண்ணு செய்ய வேண்டிய வேலைகள் வரைக்கும் அச்சடிச்ச மாதிரி ரெடியா இருக்குன்னா, அந்த வியாபாரம் எவ்வளவு சகஜமா இருந்திருக்கணும்? பழைய எகிப்துல செத்தவங்களோட சேர்த்துப் புதைக்கிற மந்திரச் சுருள்களை முன்கூட்டியே எழுதி, பேருக்கு இடம் விட்டு விற்பாங்களாம். சில சுருள்கள்ல அந்த இடம் காலியாவே கிடக்கு. யாருக்கு வாங்கினாங்களோ அவர் பேர் இல்லாமலே மேலோகம் போயிட்டார் போல. 43-ஆம் பக்கத்துக்கு ரொம்ப மூத்த அண்ணன்.

இவ்வளவையும் படிச்சுட்டு எனக்குக் கடைசியா உதவினது மெய்க்கீர்த்தி இல்லை, ஆடு.

கோயிலுக்கு நொந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைக்கணும்னா சோழர் காலத்துல ஆடு குடுப்பாங்க. பொதுவா ஒரு விளக்குக்கு 96 ஆடு, சில இடங்கள்ல 90. அந்த ஆடுகளை ஒரு மன்றாடிகிட்ட, அதாவது இடையர்கிட்ட, ஒப்படைப்பாங்க. அவர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்கணும். தஞ்சைப் பெரிய கோயில்ல ஆடவல்லான்னு பேர் வெச்ச அளவையாலயே அளக்கணும்னு இருக்கு. இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுல ஒரு அடைமொழி உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாது, கிழடும் ஆகாது.

ஆடு சாகாம இருக்குமா? சாகும். கிழடும் ஆகும். ஆனா எண்ணிக்கை சாகக் கூடாதுங்கிறதுதான் ஒப்பந்தம். ஒண்ணு செத்தா பிறந்த குட்டியிலேர்ந்து ஒண்ணைக் கணக்குல சேர்த்து 96-ஐ 96-ஆவே வெச்சுக்கிறது மன்றாடி பொறுப்பு. மிச்சம் பெருகற குட்டி அவருக்கு. பெரிய கோயில் கல்வெட்டுல எந்த விளக்குக்கு எந்த இடையர், எந்த ஊர்னு பேர் பேரா வெட்டியிருக்காங்க. அவரால முடியலைன்னா பொறுப்பு உறவுக்காரங்க வரைக்கும் போகும். ராஜராஜன் பேர் இருக்கிற அதே கல்லுல மந்தை மேய்ச்சவர் பேரும் இருக்கு.

நான் முதல்ல போட்ட திட்டத்துல ஃபோல்டர், தலைப்பு, தேடற வசதி, எல்லாம் இருந்தது. மந்தை இருந்தது, மன்றாடி இல்லை. மணிமங்கலத்துலேர்ந்து வந்து அதைக் கலைச்சுட்டேன். இப்போ ஒவ்வொரு பதிலுக்குக் கீழயும் ஒரு ஆள் பேர், கடைசியாச் சரிபார்த்த தேதி, எந்தத் தேதிக்கு மேல இதை எடுக்கக் கூடாதுங்கிற வரி. பாதுகாப்புக் கேள்விக்கு அந்தத் துறை ஆள், ஆட்கள் கணக்குக்கு எச்.ஆர். ஆள், முகவரிக்கு நான். வாடிக்கையாளர் பேர் வர்ற இடத்துல எல்லாம் மஞ்சள் கலர்ல 'இன்னார்'. அதை மாத்தாம ஃபைலை மூட முடியாதபடி ஒரு பையன் சின்னதா ஏதோ எழுதிக் குடுத்தான், அவன் நல்லா இருக்கணும். 'கொண்ட' மாதிரி சொல் எங்கெல்லாம் இருக்கோ, பக்கத்துலயே எந்த வருஷம், யார்கிட்ட, சாட்சிக்கு என்ன காகிதம்னு ஒரு குறிப்பு. குறிப்பு கிடைக்காத வரியைத் தூக்கிட்டேன். இருந்த 612 பதில்ல 230-தான் மிஞ்சிச்சு. மேனேஜர் முகம் சுருங்கிடுச்சு. "இவ்வளவுதானா நாம?"ன்னார்.

அதைவிடப் பெரிய சண்டை ஆள் பேர் போடறதுலதான். யாருக்கும் பேர் போடப் பிடிக்கலை. "என் பேர் எதுக்கு, டீம் பேர் போடுங்களேன்"னு எல்லாரும் ஒரே பாட்டு. எல்லார் பொறுப்புன்னா யார் பொறுப்பும் இல்லைன்னு சொல்லிப் பார்த்தேன், வேலைக்காகலை. அப்புறம் மன்றாடிக்குக் குட்டி சொந்தம்ங்கிறதை ஞாபகம் வெச்சுக்கிட்டு, யாரோட பதில் எத்தனை டெண்டர்ல போச்சுன்னு மாசாமாசம் ஒரு கணக்கு எடுத்து, வருஷாந்திர மதிப்பீட்டுல அதைச் சேர்க்கணும்னு எழுதிக் குடுத்தேன். மேனேஜர் மேலே அனுப்பியிருக்கார். திருமந்திர ஓலை நாயகத்தோட ஒப்புதலுக்குக் காத்துக்கிட்டு இருக்கோம்.

காந்தளூர்ச் சாலை மாதிரி நின்னுக்கிட்டிருந்த அந்த மூணெழுத்துச் சுருக்கத்தோட விரிவு இன்னும் கிடைக்கலை. ஒன்பதாவதா ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கேன், ஓய்வு வாங்கிக்கிட்டு ஊரப்பாக்கத்துல இருக்கார். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கார்.